சம்பளச் சீட்டில் சிவப்பு வட்டம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீயும் அப்பாவும் ஒருவரையொருவர் பேசவிடாமல் போனில் பேசிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ "கொள்ளை" என்றாய். அவர் "கடமை" என்றார். அரை மணி நேரம் கழித்தும் இருவரும் அந்த இரண்டு சொற்களை விட்டு நகரவில்லை. போனை வைத்ததும் அப்பா என்னைப் பார்த்து "உன் மகன் இருக்கிறானே" என்று ஆரம்பித்தார். கோபம் வந்தால் நீ என் மகன் மட்டும் ஆகிவிடுவாய், அது உனக்கே தெரியும். இருபத்தெட்டு வருடம் அடுத்தவர் வரவு செலவை எழுதிப் பிழைத்தவள் நான். வரியைப் பற்றிக் கேட்க வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள் என்று உங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

நீ அனுப்பிய சம்பளச் சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிப் பிடித்தத் தொகையைச் சிவப்புப் பேனாவால் மூன்று சுற்று சுற்றியிருக்கிறாய். மூன்றாவது சுற்றில் தாள் கிழிந்திருக்கிறது. கோபம் நியாயமானதுதான். அது யார்மேல் போக வேண்டும் என்பதில்தான் எனக்கு உன்னோடு கருத்து வேறுபாடு.

முதலில் ஒரு சின்ன விஷயத்தை முடித்துவிடுகிறேன். சம்பள உயர்வு வேண்டாம் என்று சொல்லப் போவதாகவும், வாங்கினால் அடுத்த வரி அடுக்குக்குப் போய்க் கையில் வருவது குறைந்துவிடும் என்றும் சொன்னாய். படித்த பிள்ளை இப்படிப் பேசலாமா? முதல் நூறுக்கு வரி இல்லை, அடுத்த நூறுக்குப் பத்து சதவீதம், அதற்கு மேல் இருபது என்று வைத்துக்கொள். இருநூறு வாங்குகிறவன் பத்து கட்டிவிட்டு 190 கொண்டு போகிறான். அவன் சம்பளம் 210 ஆனால் பழைய இருநூறுக்கு அதே பத்துதான். புதிதாக வந்த பத்துக்கு மட்டும் இரண்டு. கையில் 198. உயர்ந்த விகிதம் மேலே இருக்கும் துண்டுக்கு மட்டும் பொருந்தும், கீழே இருப்பதைத் தொடாது. சில நாடுகளில் ஓர் எல்லையைத் தாண்டியதும் ஏதாவது சலுகை ஒரேயடியாக நின்றுவிடுவது உண்டு. அந்த இடத்தில் மட்டும் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட வேண்டும். உன் சீட்டில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி "கொள்ளை"க்கு வருகிறேன். உழைத்துச் சம்பாதித்ததன்மேல் வரி போடுவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று 1974-ல் ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் வாதிட்டார். மாதத்தில் இத்தனை நாள் நீ உனக்காக உழைக்கவில்லை, வேறு யாருக்காகவோ உழைக்க வைக்கப்படுகிறாய் என்பது அதன் சாரம். அன்று போனில் நீ சொன்னதும் ஏறக்குறைய அதுதான். சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல அது. அப்பா அதைத் தள்ளாமல் உன்னையே தள்ளப் பார்த்ததால்தான் அன்று சண்டை வந்தது.

ஆனால் அந்த வாதம் ஓர் இடத்தில் இடறுகிறது. உன் சீட்டின் தலையில் பிடித்தத்துக்கு முந்தைய ஒரு பெரிய தொகை இருக்கிறது. அரசே இல்லாத ஓர் உலகத்திலும் அந்தத் தொகை உனக்கு வந்திருக்கும் என்று நீ எடுத்துக்கொள்கிறாய். அப்படிப்பட்ட உலகத்தில் உன் நிறுவனம் இருந்திருக்குமா? கம்பெனி கடனில் மூழ்கினால் பங்குதாரர் போட்ட முதல் போனால் போகட்டும், அவர் வீட்டை யாரும் ஜப்தி செய்ய முடியாது என்ற ஏற்பாடு வானத்திலிருந்து விழவில்லை. பிரிட்டனில் 1855-ல் சட்டம் வந்த பிறகுதான் கம்பெனிகளுக்குப் பொதுவாக அந்த வசதி கிடைத்தது. உனக்குச் சம்பளம் தருவதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் செல்லும் என்று சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டும். சம்பளத்தை எந்தப் பணத்தில் தருகிறார்களோ அந்தப் பணத்துக்கு மதிப்பு இருக்க வேண்டும். "எனக்கு அரசு என்ன செய்தது, எல்லாவற்றையும் நானே காசு கொடுத்து வாங்குகிறேன்" என்றாயே, அந்தக் காசைத்தான் சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு அம்மா அப்பா கட்சி என்று முடிவு கட்டிவிடாதே. அரசு இல்லாமல் சம்பளம் இல்லை என்பதிலிருந்து, அரசு எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பா தாவிவிடுகிறார். அங்கே அவரோடு என்னால் போக முடியாது. கேட்டால் உடனே யானையைக் கொண்டுவருவார். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் புலவர் சொன்ன அதே யானை. சிறு நிலத்து நெல்லையும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும், யானையே வயலுக்குள் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். நல்ல உவமை. வரி பற்றிப் பேசுகிற எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் யானை எப்படித் தின்ன வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. எந்த வயலில் என்று அது சொல்லவில்லை. நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்த இரண்டாவது கேள்வியோடுதான் கழிந்தது.

யானை கண்ணில் படுகிற வயலில்தான் இறங்கும். இங்கிலாந்தில் 1696-ல் வீட்டு ஜன்னல்களை எண்ணி வரி போட்டார்கள். ஒருவனுடைய வருமானத்தைத் தெருவில் நின்று பார்க்க முடியாது, ஜன்னலை எண்ண முடியும் என்பதுதான் காரணம். மக்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் வாடகைக்கு இருந்தவர்கள் நோயில் விழுந்தார்கள். 1851 வரை அந்த வரி இருந்தது. அடைத்த ஜன்னல்களோடு இன்றும் பழைய வீடுகள் அங்கே நிற்கின்றன.

வருமானத்தையே கேட்கும் வரி அங்கே வந்தது 1799-ல். பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் வேண்டுமென்று பிரதமர் வில்லியம் பிட் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 60 பவுண்டுக்குக் கீழே வரி இல்லை, 200 பவுண்டுக்கு மேல் பத்து சதவீதம். அவரவர் சொன்னதுதான் கணக்கு. எதிர்பார்த்த பணம் வரவில்லை, எப்படி வரும்? 1803-ல் அடுத்து வந்த பிரதமர் ஆடிங்டன் முறையை மாற்றினார். வாடகை, வட்டி போன்றவற்றில், பணம் கைமாறும் இடத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்ள வைத்தார். விகிதத்தைப் பாதியாக்கி ஐந்து சதவீதம் என்று வைத்தும் அரசின் வரவு விழவில்லை. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். ஒளிந்துகொள்ள இடம் குறைந்தால் எல்லாருக்கும் விகிதம் குறையலாம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

போர் முடிந்து 1816-ல் அந்த வரியை ஒழித்தபோது, அதன் பதிவேடுகளையும் அழிக்கச் சொல்லி நாடாளுமன்றம் உத்தரவு போட்டது. பணம் போனதைவிடக் கணக்குக் காட்ட நேர்ந்ததுதான் பெரிய மனிதர்களுக்கு அதிகம் உறுத்தியிருக்கும் என்று எனக்குப் படுகிறது. 1842-ல் சில வருடங்களுக்கு மட்டும் என்று சொல்லி அது மறுபடி வந்தது. சட்டப்படி இன்றும் அது தற்காலிக வரிதான். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5-ஆம் தேதியோடு காலாவதியாகிறது, ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றம் அதற்கு உயிர் கொடுக்கிறது. அரசாங்க அகராதியில் தற்காலிகம் என்பதற்குப் பொருள் அப்படி.

தொழிலாளியின் சம்பளத்திலேயே மாதாமாதம் பிடிக்கும் வழக்கம் பரவியது இரண்டாம் உலகப் போரின்போது. அமெரிக்காவில் 1943, பிரிட்டனில் 1944. உன் சிவப்பு வட்டத்துக்குள் இருப்பது அந்தப் போர்க்கால ஏற்பாட்டின் வாரிசு. உன் வருமானத்தில் ஒளிய இடமே இல்லை. சம்பளம் உன் கைக்கு வருமுன்னே அரசுக்குத் தெரிந்துவிடுகிறது.

இப்போது, இந்த வீட்டில் யாரிடமும் நான் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் கணக்கு எழுதக் கொடுத்தவர்களில் ஒரு வியாபாரி இருந்தார். நல்ல மனிதர், பண்டிகை வந்தால் எல்லாருக்கும் ஏதாவது கொண்டுவருவார். மாதக் கடைசியில் அவருடைய சிட்டை, அதாவது அன்றாட வரவு செலவுக் குறிப்பு, வரும். நான் அதைப் பேரேட்டில் ஏற்றுவேன். ஒரு நாள் அவர் என் மேசையில் சட்டைப்பை நோட்டு ஒன்றை மறந்து வைத்துவிட்டு யாரையோ பார்க்க வெளியே போனார். அட்டை வியர்வையில் ஊறி வளைந்திருந்தது. உள்ளே எல்லாம் பென்சில் எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் கீழே கூட்டுத்தொகை, அதைச் சுற்றி ஒரு வட்டம். சிட்டையில் இருந்த அதே தேதிகள்தான். தொகைகள் மட்டும் ஏறக்குறைய மூன்று மடங்கு. அவர் திரும்பி வந்து நோட்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் சிட்டையில் இருந்ததையே பேரேட்டில் ஏற்றினேன். அந்த ஒரு வருடம் மட்டும் இல்லை, அவர் எங்களிடம் இருந்த வரைக்கும்.

அவர் காட்டிய வருமானம் என் சம்பளத்தைவிடக் குறைவு. அவருக்கு வரி வரவில்லை. அவர் கணக்கை எழுதியதற்காக எனக்குக் கிடைத்த சம்பளத்தில் வரி பிடித்தார்கள். உன்னைப் போல நானும் அந்தச் சீட்டை வெறுத்துப் பார்த்திருக்கிறேன். அவர் கட்டாமல் விட்டதையும் சேர்த்துத்தான் என்னிடமும் என்னைப் போன்றவர்களிடமும் பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அப்போது நீ நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய், வேலை வேண்டியிருந்தது. இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அதனால்தான் விகிதத்தைப் பற்றி நீங்கள் இருவரும் அடித்துக்கொள்வது எனக்கு அலுப்பாக இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே விகிதம் என்றாய். எஸ்டோனியா 1994-ல் 26 சதவீதம் என்று ஒரே விகிதம் வைத்தது. அங்கும் ஒரு தொகை வரை வரி இல்லை, ஆகவே குறைவாகச் சம்பாதிப்பவர் மொத்த வருமானத்தில் குறைந்த பங்கைத்தான் கட்டினார். எளிமைக்கு அது உதவும், ஒப்புக்கொள்கிறேன். சட்டைப்பை நோட்டை அது என்ன செய்யும்? அப்பா பணக்காரர்மேல் விகிதத்தை ஏற்ற வேண்டும் என்கிறார். 1970-களில் பிரிட்டனில் முதலீட்டு வருமானத்தின் உச்சத் துண்டுக்கு 98 சதவீதம் வரை போனார்கள். அதைக் கட்டுவதைவிட, கட்டாமல் இருக்க வழி சொல்பவருக்குக் கூலி கொடுப்பது மலிவு. அந்த மாதிரி விகிதங்கள் என் தொழிலுக்குத்தான் நன்றாகச் சோறு போட்டன.

சட்டைப்பை நோட்டு வேண்டியதில்லாமல், சட்டத்துக்குள்ளேயே ஒதுங்கி நிற்க இடம் உண்டு என்பதுதான் இன்னும் வேதனை. பங்கின் விலை ஏறிக்கொண்டே போனாலும் விற்கும்வரை அது பல நாடுகளில் வருமானம் ஆகாது. விற்றாலும் சம்பளத்துக்குப் போடுவதைவிடக் குறைந்த விகிதம்தான் பெரும்பாலும். 2011-ல் அமெரிக்கப் பெரும் பணக்கார முதலீட்டாளர் வாரன் பஃபெட் தானே எழுதினார்: வரிக்குரிய வருமானத்தில் தான் கட்டியது 17.4 சதவீதம், தன் அலுவலகத்தில் மற்ற இருபது பேர் கட்டியது சராசரி 36 சதவீதம். அவர் எதையும் மறைக்கவில்லை. எது வருமானம் என்ற வரையறையே அவருக்குச் சாதகமாக இருந்தது.

"நாங்கள் சில பேர் கட்டுகிறோம், மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள்" என்று நீ சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் வாங்கும் பொருளிலேயே வரி ஒட்டிக்கொண்டு வருகிறது. வருமானம் முழுவதையும் செலவழித்தே தீர வேண்டியவர் தன் வருமானத்தில் பெரிய பங்கை அப்படிக் கட்டுகிறார். அவருக்குச் சீட்டு கிடையாது, வட்டம் போட இடமும் கிடையாது. அவரைக் கணக்கிலிருந்து விட்டுவிடாதே.

பின் என்னதான் செய்வது என்று கேட்பாய். நார்வேயில் யார் எவ்வளவு வருமானம் காட்டினார், எவ்வளவு வரி கட்டினார் என்று மற்றவர்கள் பார்க்க முடியும். 2014 முதல், யார் பார்த்தார்கள் என்பதும் பார்க்கப்பட்டவருக்குத் தெரியும். நினைத்தாலே எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, 1816-ன் பெரிய மனிதர்களை அந்த அளவில் எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் அந்த வியாபாரி என்னைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார். பதிலுக்கு அரசும் தன் சிட்டையை நம் முன் விரிக்க வேண்டும், எந்த வேலையை யாருக்குக் கொடுத்தது, எவ்வளவுக்கு என்று. வீண் செலவைப் பற்றி நீ சொன்னதில் பாதி சரிதான். சட்டைப்பை நோட்டு அங்கேயும் உண்டு.

மேலாளரிடம் போய் அந்தச் சம்பள உயர்வை வாங்கிக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் செய். அப்பா மணி அடிப்பதற்கு முன்பே போன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார், கேட்டால் தற்செயலாக வந்தேன் என்பார். நோட்டு விஷயத்தை அவரிடம் நீ சொல்லாதே. அதை நானே சொல்ல வேண்டும், இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா