ரப்பருக்கு வயசாகிவிட்டது, நண்பா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு என் முழங்காலைத்தான் குறை சொல்ல வேண்டும். இப்போது வலி பரவாயில்லை. மாடிப்படி ஏறிவிடுகிறேன், இறங்குவதுதான் பாடாக இருக்கிறது. இடது கால் வேறு. கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் ஒரு முனகல் தானாக வருகிறது. மகளுக்கு வேலை மாறிவிட்டது. புது ஊர், புது வீடு, குழந்தைக்குப் புதுப் பள்ளிக்கூடம் என்று ஒரே ஓட்டம். இங்கே நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அதனால் உன் கடிதத்தை ஆளுக்கு இரண்டு முறை படித்தாகிவிட்டது.

படித்து முடித்ததும் என் மனைவி சொன்னது: "இவருக்கும் சரி, உங்களுக்கும் சரி, வயசாக ஆகப் புத்தி பின்னால போகுது." 22 வயது வண்டியை எடுத்துக்கொண்டு நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, போக வர 6,000 கிலோமீட்டர் என்றால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வண்டி இரண்டே கால் லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று நீ கவலைப்பட்டு எழுதியிருந்தாய். எனக்குக் கவலை அதற்கு அடுத்த வரியில்தான் வந்தது. கடைசி மூன்று வருஷமாகப் பெரும்பாலும் நின்றே கிடந்தது என்று எழுதியிருந்தாயே, அங்கே. ஓடுகிற இரும்பு தேய்வதற்கு நாளாகும். நிற்கிற ரப்பர் சும்மா இருந்தே கெட்டுப்போகும்.

அப்புறம், கிளம்புவதற்கு முந்தின வாரம் வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டு "எல்லாத்தையும் புதுசா மாத்திடலாம்" என்று எழுதியிருந்தாய் பார், அதை மட்டும் செய்யாதே. நான் அதைச் செய்து பட்டவன். உனக்கு இதை முழுசாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன், வெட்கம்தான் காரணம்.

என் பழைய வண்டியில் ஒரு நீண்ட பயணத்துக்குத் தயாரானபோது நானும் உன்னைப் போலத்தான் நினைத்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் வாட்டர் பம்ப், ரேடியேட்டர் ஹோஸ், பெல்ட், பிளக் எல்லாம் புதுசு. ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டி கைக்கு வந்தது. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். 140 கிலோமீட்டர் போயிருப்போம், வண்டிக்குள் லேசாக ஒரு இனிப்பு வாசனை. பின்சீட்டில் யாரோ மிட்டாய் பிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அது எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட்டின் வாசனை என்று மண்டையில் உறைப்பதற்குள் ஹீட் முள் பாதியைத் தாண்டி ஏறிவிட்டது. ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். பானெட்டைத் தூக்கினால் பேட்டரி மேலெல்லாம் பச்சைத் தண்ணீர். ஹோஸில் ஒரு கோளாறும் இல்லை. அதைப் பிடித்திருந்த கிளாம்ப் குழாயின் விளிம்பு மேட்டுக்கு உள்பக்கமாக உட்கார வேண்டும். இது மேட்டின் மேலேயே பாதி ஏறி நின்றது. எஞ்சின் ஆற முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கிளாம்பை நகர்த்தி இறுக்க இரண்டு நிமிஷம். கழற்றிப் போட்ட பழைய ஹோஸ் இன்னும் ஒரு வருஷம் உழைத்திருக்கும் என்பது தனி எரிச்சல்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். எதை மாற்றுவதானாலும் பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால் மாற்றிவிடுவேன். மாற்றியதும் அந்த வண்டியிலேயே தினம் போய் வருவேன், ஒரு நாள் முழுக்க 300 கிலோமீட்டராவது வெளியே ஓட்டுவேன். புதுசாக மாட்டியதில் தப்பு இருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். தெரியும்போது நாம் வீட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உன்னிடம் ஏழு வாரம் இருக்கிறது. தாராளம்.

சரி, ரப்பருக்கு வருகிறேன். முதலில் டயர். "பட்டன் நல்லா இருக்கு" என்று எழுதியிருந்தாய். ஓடாத வண்டியில் பட்டன், அதாவது ரோட்டில் படுகிற கட்டைகள், நன்றாகத்தான் இருக்கும். நீ ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு டயரின் பக்கவாட்டில் பார். டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்த டயர். வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும், தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தின டயர். சிரிக்காதேடா, ஸ்டெப்னியில் அப்படி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். பத்து வருஷம் தாண்டினால் பட்டன் எப்படி இருந்தாலும் வேண்டாம். ஆறு தாண்டியிருந்தால் பக்கவாட்டிலும் பட்டன் இடுக்கிலும் நகத்தால் அழுத்திப் பார், மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடு. வெயிலில் நெடுஞ்சாலையில், முழு பாரத்தோடு மணிக்கணக்காக ஓடும்போது சூட்டில் அந்த வெடிப்புதான் முதலில் பிரியும்.

அடுத்தது ஹோஸ். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பார். நல்ல ஹோஸ் அமுங்கி உடனே நிமிரும். கல் மாதிரி இருந்தாலும் தப்பு, அழுகின பழம் மாதிரி கொழகொழவென்று இருந்தாலும் தப்பு. முக்கியமாகக் கிளாம்ப் பக்கத்தில் இரண்டு அங்குலம் பார். ஹோஸ் பெரும்பாலும் உள்ளுக்குள்ளிருந்து, நுனிப் பக்கம்தான் கெடும். ரேடியேட்டர் மூடியையும் விட்டுவிடாதே. சின்னச் சாமான், ஆனால் வண்டியில் அதற்கு இருக்கிற பொறுப்பு பெரிது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 15 பி.எஸ்.ஐ. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கொதிநிலை இன்னும் 20 டிகிரிக்கு மேல் ஏறும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் அந்த 20 டிகிரி கையை விட்டுப் போய்விடும். ஏற்றத்தில் ஏசி போட்டு ஏறும்போதுதான் அது இல்லாதது தெரியும். ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் அவசரம் எனக்குத் தெரியும்: சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்காதே.

வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் அசைய வைக்கிற டைமிங் பெல்ட்டைப் பற்றி நீ ஒரு வரி கூட எழுதவில்லை. உன் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று கையேட்டில் பார். பெல்ட் என்றால் கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்குச் சீட்டு இருக்கிறதா? ஞாபகத்தை நம்பாதே, உன் ஞாபகத்தை நான் நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். கையேட்டில் கிலோமீட்டர் கணக்கோடு வருஷக் கணக்கும் போட்டிருப்பார்கள். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. சீட்டு இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள். பல எஞ்சின்களில் அந்தப் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. முன்னறிவிப்பு எதுவும் தராது. "எல்லாத்தையும் மாத்தாதே" என்று மேலே சொன்ன நான் இதை மட்டும் மாற்று, மாற்று என்று சொல்வேன். பெல்ட்டைக் கழற்றும்போதே அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும், வாட்டர் பம்ப் அதே இடத்தில் இருந்தால் அதையும் மாற்றச் சொல். ஒரே வேலையை இரண்டு தரம் செய்ய வேண்டாம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வண்டி நின்றிருந்தாலும் இழுக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி தாங்கினால் போதும் என்று தரக்கணக்கே இருக்கிறது. எவ்வளவு இறங்குகிறது பார். மலை இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். மூன்று வருஷத்து ஆயிலை முழுசாக வடித்துவிட்டுப் புதிது ஊற்றச் சொல். அப்படியே சக்கரத்துக்குப் போகிற ரப்பர் பிரேக் ஹோஸ்களை வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல். இறக்கத்தில் சின்ன கியரில் இறங்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரிக்கு மீட்டர் ஒன்று போதும். ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது 14-க்கு அக்கம்பக்கம் இருந்தால் பேட்டரியை நிரப்புகிற ஆல்டர்னேட்டரும் தன் வேலையைச் செய்கிறது. விளக்கு, வைப்பர், ஹாரன் எல்லாம் நீயே பார்த்துக்கொள்வாய்.

எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்று எழுதியிருந்தாய். எவ்வளவு குடிக்கிறது என்று எழுதவில்லையே. இந்த ஏழு வாரத்தில் அதைக் கண்டுபிடி. சமதரையில் நிறுத்தி, காலையில் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, பார்த்துக் குறித்துக்கொள், 1,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார். அரை லிட்டர் என்றால் ஆறாயிரத்துக்கு மூன்று லிட்டர் டிக்கியில் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் போகலாம். வயசான வண்டி ஆயில் குடிப்பது ஒரு குற்றமே இல்லை. எவ்வளவு என்று தெரியாமல் ஓட்டுவதுதான் தப்பு. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த காப்பி மாதிரி நுரை இருக்கிறதா என்றும் பார். சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓடிய வண்டியில் ஈரத்தால் மூடியில் கொஞ்சம் வரும், பயப்படாதே. டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடு. அது கேஸ்கெட் விவகாரம், ஆயிலையும் கூலன்ட்டையும் பிரித்து வைக்கிற தகடு போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, இதை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய். வீட்டு வாசலில் ஜாக்கியும் ஸ்பேனரும் எடுத்து ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார். ஒர்க்ஷாப்பில் காற்றுத் துப்பாக்கியால் நட்டை முறுக்கி வைத்திருப்பார்கள். வண்டியோடு வந்த அந்தக் குட்டி ஸ்பேனரால் அது அசையாது. போன வருஷம் நான் அதன் மேல் ஏறி நின்று குதித்தேன், முழங்கால் கதை அங்கேதான் தொடங்கியது என்று மனைவி சொல்கிறாள். நீளக் கைப்பிடி உள்ள ஸ்பேனர் ஒன்று வாங்கிக்கொள். சக்கரம் கழற்றி மாட்டினால் ஒரு 80 கிலோமீட்டர் கழித்து நட்டை மறுபடி ஒரு தரம் இறுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று நான் கேட்கப்போவதில்லை, இல்லை என்று எனக்கே தெரியும்.

கையோடு எடுத்துப்போக அதிகம் வேண்டாம். கழற்றிய பழைய பேன் பெல்ட், பியூஸ், இரண்டு மூன்று அளவில் கிளாம்ப், கொஞ்சம் கம்பி, டேப், கேபிள் டை, ஐந்து லிட்டர் தண்ணீர், டார்ச். தண்ணீரும் டார்ச்சும் மூட்டைக்கு அடியில் போகாமல் மேலாக இருக்கட்டும். சாமான் ஏற்றிய பிறகு டயர் காற்றை டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் பார்த்து, முழு பாரத்துக்குப் போட்டிருக்கும் அளவுக்கு வை. சிலர் சூட்டில் வெடித்துவிடும் என்று காற்றைக் குறைப்பார்கள். குறைந்தால்தான் டயர் அதிகம் மடங்கும், மடங்கினால் சூடு ஏறும். அந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதே.

ஹீட் முள் ஏறினால் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்து விடு. வியர்த்துக் கொட்டும், உன் மனைவி என்னைத் திட்டுவாள். ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், ஓரம் கட்ட இடம் தேடும் வரைக்கும் கைகொடுக்கும்.

நாம் காலேஜ் முடித்த வருஷம் உன் அப்பாவின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா? பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று நீ இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாய். டேங்கில் பெட்ரோல் இருந்தது. பெட்ரோல் குழாய் வெடித்துக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அதுவும் ரப்பர்தான். உன் இப்போதைய வண்டியில் டேங்கிலிருந்து எஞ்சின் வரை அந்தக் குழாய்களைக் கட்டாயம் பார்க்கச் சொல். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், பழைய காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. பெட்ரோல் வாசனை வந்தால் அந்த இனிப்பு வாசனை மாதிரி நினைத்து உட்கார்ந்திருக்காதே.

அடுத்த கடிதத்தில் எனக்கு வேண்டியது மூன்றே மூன்று. ஐந்து டயரிலும் உள்ள நாலு இலக்க எண், டைமிங் பெல்ட் சீட்டில் உள்ள தேதி, 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் ஆயில். இது வந்த பிறகு, பாதி வழியில் நான் வந்து சேர்ந்துகொள்வதா வேண்டாமா என்று பேசலாம். கிளட்ச் மட்டும் நீதான் மிதிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்