கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள ரேவதிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் நவராத்திரி, தீபாவளி இரண்டையும் தாண்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மாடிப்படியைக் கண்டால் மட்டும் முழங்கால் வலிக்கிறது. வனஜாவின் மகளுக்கு ஏற்காட்டிலேயே பள்ளிக்கூட வேலை கிடைத்துவிட்டது. இனி வனஜாவைப் பிடிக்க முடியாது, உனக்குத் தெரியாததா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பம்புகளைக் கிடங்கில் வைத்து லாரியில் அனுப்பும் பொறுப்பை ஒரு கம்பெனியிடம் கொடுப்பது பற்றி, "லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிக்காரர் டன்னுக்கு நல்ல ரேட் சொல்கிறார், புக்கிங் ஆபீஸைவிடக் குறைவு, தை பிறந்ததும் கையெழுத்து" என்று எழுதியிருந்தாயே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வாடகையைத் தவிர அதில் வேறு ஒரு வார்த்தை இல்லை. காலேஜ் நாளிலும் விலைச்சீட்டைப் பார்த்த பிறகுதானே சேலையையே தொடுவாய்! கொஞ்சம் பொறு. இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

இந்த நவராத்திரிக்கு எங்கள் ஜவ்வரிசி புனேயிலும் நாசிக்கிலும் தீர்ந்துபோகவில்லை. இதில் என்ன செய்தி என்பாய். அங்கே விரத நாளில் அரிசி, கோதுமையைத் தொடமாட்டார்கள், சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடிதான். அந்த ஒன்பது நாளில் கடையில் சரக்கு இல்லையென்றால் பத்தாம் நாள் போய்ச் சேர்ந்து பிரயோஜனம் இல்லை. நவராத்திரியோ இங்கிலீஷ் காலண்டருக்குக் கட்டுப்படாது. 2023இல் அக்டோபர் 15, 2024இல் அக்டோபர் 3, 2025இல் செப்டம்பர் 22. 2023இல் அதிக மாதம் (பஞ்சாங்கத்தில் கூடுதலாகச் சேரும் மாதம்) வந்து, அவர்களுடைய சிராவண மாதமே இரண்டாக நீண்டது. "போன வருஷம் இதே மாதம் எவ்வளவு போயிற்று?" என்று பார்த்து அதன் மேல் கொஞ்சம் கூட்டிப் போட்டால் திட்டமாகிவிடுமா? எங்கள் அலுவலகத்தில் பல வருஷம் அப்படித்தான் நடந்தது.

இந்தப் பக்கத்துக் கதையோ வேறு. ஜவ்வரிசி செய்யும் குச்சிக்கிழங்கைப் (மரவள்ளி) பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். அதனால் ஆத்தூர்ப் பக்கம் ஆலைகள் ஓடுவது கிழங்கு வரும் காலத்தில், புனே, நாசிக் வீடுகளில் அது அடுப்பேறுவது பஞ்சாங்கத்தின்படி. நடுவில் கிடக்கும் மாதங்களில் சரக்கு எந்த ஊரில், எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் என் வேலையே.

போன சித்திரையில் எங்கள் முதலாளி, மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் பிவண்டியில் கிடங்கு வைத்திருக்கும் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். அவரும் வாடகைக்காகத்தான் போட்டார். எனக்கு ஆர்வம் பிடித்தது அவர்கள் அனுப்பத் தொடங்கிய தினசரி அறிக்கையைப் பார்த்த பிறகுதான். லாரி சேலத்தை விட்ட நேரம், தொப்பூர் கணவாய் ஏறி ஓசூர் தாண்டிய நேரம், ஹூப்ளி, கோலாப்பூர், பிவண்டி வாசலில் நுழைந்த நேரம், மூட்டை இறக்கி முடித்த நேரம் எல்லாம் அதில் இருந்தது. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். நாங்கள் எப்போதும் நான்கு நாள் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். சராசரி நான்குதான், அது தப்பில்லை. ஆனால் ஒரு லோடு மூன்று நாளில் போகிறது, மழைக்காலத்தில் இன்னொன்று ஏழு நாள் எடுக்கிறது. கையிருப்பில் எவ்வளவு கூடுதலாக வைக்க வேண்டும் என்று சொல்வது அந்த நான்கு இல்லை ரேவதி, மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கும் ஆட்டம்தான். அந்த ஆட்டத்தை அளந்து வைத்திருப்பவர்கள் அவர்கள். நம்மிடம் இருப்பது லாரி ரசீது மட்டும்.

இன்னொன்று கேள். புனேயில் ஒரு வியாபாரி மொத்தமாகப் பெரிய ஆர்டர் போடுவார். "நம்ம சரக்கு அங்கே பறக்கிறது" என்று விற்பனைக்காரர்கள் குதிப்பார்கள். அறிக்கையைப் பார்த்தால் அவர் கிடங்கு வாசலில்தான் எங்கள் லாரி நாள் கணக்கில் நிற்கிறது. இறக்க இடம் இல்லை! விலை ஏறுமோ என்று வாங்கிக் குவித்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த ஆர்டரை நம்பி நாங்கள் இங்கே ஆலையில் கொள்முதலை ஏற்றியிருப்போம், இரண்டு மாதம் கழித்து அவர் ஒரு மூட்டைகூடக் கேட்டிருக்கமாட்டார். அமெரிக்காவில் புரோக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி டயாப்பர் வியாபாரத்தில் இதையே கண்டது. குழந்தைகள் பயன்படுத்தியது ஏறக்குறைய ஒரே அளவு. மொத்த வியாபாரிகளின் ஆர்டர் ஏறி இறங்கியது, கம்பெனி மூலப்பொருளுக்குப் போட்ட ஆர்டர் அதைவிட மோசமாக ஆடியது. இப்போது பிவண்டியிலிருந்து கடைகளுக்குத் தினமும் சின்னச் சின்னதாகப் போகும் சரக்கின் கணக்கை வைத்துத்தான் நான் தேவையை மதிப்பிடுகிறேன். வியாபாரியின் ஆர்டரைவிட அது எவ்வளவோ உண்மை சொல்கிறது. உங்கள் பம்புக்கும் இதே கதைதானே? கோடைக்கு முன்னால் டீலர்கள் அடுக்கி வைப்பார்கள், மழை சீக்கிரம் வந்தால் எல்லாம் அப்படியே நிற்கும்.

அப்புறம் பாக்கெட். அரைக்கிலோ எவ்வளவு, ஒரு கிலோ எவ்வளவு என்று சேலத்திலேயே ஊகித்துக் கட்டி அனுப்புவோம், எது தேவையோ அதுதான் தீர்ந்திருக்கும். இப்போது பாதிச் சரக்கை மூட்டையாகவே அனுப்பி, பிவண்டியில் அவர்களையே பாக்கெட் போடச் சொல்கிறோம், கடைக்காரர் கேட்கிற அளவில். அதற்கு அந்த இடத்துக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொண்டோம்.

கிடங்கு விஷயத்தில் ஒன்று. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் விழும் மத்திய விற்பனை வரியைத் தவிர்க்கவே ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு டிப்போ வைத்தார்கள். உங்கள் மாமனார் காலத்து டிப்போக்கள் அப்படி வந்தவைதானே? இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. எது எதற்குப் பக்கம் என்று பார்த்து ஓரிரு கிடங்கு போதுமா என்று அந்தக் கம்பெனியையே கேள், பல பேருடைய சரக்கைக் கையாள்வதால் அவர்களுக்குத் தெரியும். ஆனால் சரக்கு வைக்கும் மாநிலத்தில் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், அந்தக் கிடங்கின் முகவரியும் அதில் ஏற வேண்டும். ஆடிட்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடு.

நான் முதலாளியோடு சண்டை போட்டு வாங்கியது ஒன்று உண்டு. மாதத் திட்டக் கூட்டத்தில் அந்தக் கம்பெனியின் பொறுப்பாளரும் உட்காருவார். "வெளி ஆளுக்கு நம்ம கணக்கு எதற்கு?" என்று முதலாளி முகம் சுளித்தார். மூன்று மாதத்துக்கு எவ்வளவு போகும் என்று முன்கூட்டிச் சொன்னால்தான் அவர்கள் லாரியும் ஆளும் ஒதுக்க முடியும், நாசிக் பக்கமிருந்து ரிட்டர்ன் லோடும் (திரும்பி வரும் வண்டிக்குச் சரக்கு) பிடிக்க முடியும், வாடகை தானாக இறங்கும் என்று மல்லுக்கட்டினேன். ஆகஸ்ட் கூட்டத்தில் அந்தப் பொறுப்பாளர்தான், "பண்டிகைக்கு முந்தின வாரம் லாரி கிடைக்காது, இரண்டு வாரம் முன்னாலேயே ஏற்றிவிடுங்கள்" என்றார். ஏற்றினோம். நவராத்திரியில் சரக்கு இருந்தது அதனால்தான்.

இனி சொல்வதைக் கவனமாகக் கேள். திட்டம் போடுவதையே அவர்களிடம் விட்டுவிடாதே. கணக்கு அவர்களுடையது, முடிவு உங்களுடையது. எல்லா விவரமும் உங்கள் சொத்து, ஒப்பந்தம் முடிந்தாலும் முழுசாகத் தர வேண்டும் என்று எழுதி வாங்கு. இல்லையென்றால் நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாறும்போது வெறுங்கையோடு நிற்பீர்கள். டன்னுக்கு இவ்வளவு என்று மட்டும் பேசாமல், கேட்ட சரக்கு கேட்ட நாளில் முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கும் பணத்தில் பங்கு வை. அவர்கள் அறிக்கையைத் தினமும் படிக்க உங்கள் பக்கம் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீயாக இரு. உன்னால் முடியும்.

லாரிக்காரர்களையும் நினைத்துப் பார். இந்தக் கம்பெனிகளில் பலவற்றுக்குச் சொந்த லாரி கம்மி. சங்ககிரி, நாமக்கல்காரர்களின் வண்டிகள்தான் அவர்கள் பெயரில் ஓடும். எங்களுக்குப் பல வருஷம் ஓட்டிய சங்ககிரி அண்ணன் வண்டியையும் அவர்கள் பட்டியலில் சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார்கள். ஆனால் அவருக்கு வாடகை வர இரண்டு மாதம் இழுத்தது. டீசல் கைக்காசு, டிரைவர் பேட்டா கைக்காசு, வண்டிக்குத் தவணை வேறு. மனிதர் கடன் வாங்கி ஓட்டியிருக்கிறார், என்னிடம் சொல்லவே இல்லை. தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டிக்காரருக்கு இத்தனை நாளுக்குள் பணம் போக வேண்டும் என்று இப்போது ஒப்பந்தத்திலேயே சேர்க்க வைத்திருக்கிறேன். இது தர்மத்துக்காக மட்டும் இல்லை. பணம் வராதவர் பண்டிகை வாரத்தில் ரொக்கம் கொடுக்கிற இடத்துக்குத்தானே வண்டியைத் திருப்புவார்? குறைந்த ரேட் சொல்கிறாரே உங்கள் ஆள், அந்தக் குறைவு யார் பையிலிருந்து வருகிறது என்று அவசியம் கேள்.

மார்கழியில் பெரியம்மா வீட்டுக்கு வருகிறாய் அல்லவா? வரும்போது ஒப்பந்த நகலையும், இரண்டு வருஷ டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரையும் எடுத்து வா. போட்டோ எடுத்து அனுப்பாதே, உன் போட்டோவில் எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு பேரும் பார்த்துவிடலாம். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே. அத்தைக்கு என் வணக்கம். சின்னவன் பரீட்சை எப்படி எழுதினான் என்று எழுது.

அன்புடன்,
செல்வி
செவ்வாய்ப்பேட்டை, சேலம்