'வெள்ளி விழா' எங்கே போயிற்று?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சங்கங்களும் ஆலயங்களும் தங்கள் பழைய ஆண்டு மலர்களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று சென்ற ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததை வரவேற்கிறேன். பினாங்கில் எங்கள் சங்கம் ஆறு மாதங்களாக இந்த வேலையில்தான் இறங்கியிருக்கிறது. அதில் நாங்கள் பட்ட பாடு மற்றவர்களுக்கு உதவலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் 1998ஆம் ஆண்டு மலர் பாமினி எழுத்துருவிலும், 2002ஆம் ஆண்டு மலர் திஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ்க் குறியாக்க முறையிலும் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை ஆங்கிலத்தின் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் ஆகியவையே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவைதான் வந்து நிற்கும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான யூனிகோடிலோ ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனி எண் உண்டு. எந்த எழுத்துருவில் பார்த்தாலும் அது தமிழாகவே இருக்கும்.

பழைய கோப்பை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் போட்டால் ஒரு நொடியில் தமிழ் வந்துவிடுகிறது. அதை நம்பித்தான் நாங்களும் ஏமாந்தோம். பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பது கண்ணில் படும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என்று பதிவாகியிருக்கும். யூனிகோடில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அதன் பின்னும் வர வேண்டும். இந்த வரிசையைத் திருப்பும்போதுதான் கோளாறு நேர்கிறது. பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதியும் 'ள' என்ற எழுத்தும் ஒன்றே என்பதால், கொம்பு, வகரம், ளகரம் என்று அடுத்தடுத்து வந்தால் அவசரக்கார மாற்றி மூன்றையும் சேர்த்து 'வௌ' ஆக்கிவிடுகிறது. எங்கள் சங்கத்தின் 'வெள்ளி விழா' இப்படித்தான் 'வௌ்ளி விழா' ஆயிற்று. தேடுபெட்டியில் 'வெள்ளி விழா' என்று தட்டியபோது, அந்த விழாவுக்காகவே வெளியிட்ட மலரில் அப்படி ஒரு சொல்லே இல்லை என்று கணினி சாதித்தது.

இதாவது கண்ணில் பட்டுவிடும். ரகர மெய்யைக் கால்மேல் புள்ளி வைத்துக் காட்டும் பழைய அச்சு வழக்கத்தை ஒட்டித் தட்டச்சு செய்த பக்கங்களில் 'அவர்கள்' என்பது 'அவா்கள்' என்று மாறியிருந்ததை, மெய்ப்புத் திருத்திய மூவருமே கவனிக்கவில்லை. திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. திஸ்கிக் கோப்பில் வேறொரு வேடிக்கை. திஸ்கியின் குறியீட்டு அட்டவணையில் தொடக்கத்தில் 'இ' எழுத்துக்கு ஒதுக்கப்பட்ட 173ஆம் இடத்தைப் பல மென்பொருள்கள் வரி முறியும்போது மட்டும் தோன்றும் இணைப்புக்கோடாகக் கருதி மறைத்துவிடும். பிந்திய பதிப்பில் அந்த எழுத்தை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஆனால் எங்கள் கோப்பு அதற்கு முந்தியது. 'இளைஞர் பிரிவு' தலையிழந்து 'ளைஞர் பிரிவு' என்று வந்தது.

பாமினிக் கோப்பை எழுத்துருத் தகவல் நீங்கிய வெறும் உரையாக ஒருபோதும் மாற்றிக்கு அனுப்பாதீர்கள். எது தமிழ், எது ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. முகவரியில் ஆங்கிலத்தில் இருந்த 'பினாங்' எங்களுக்கு 'ீநயெபெ' என்று திரும்பி வந்தது.

மாற்றிய கோப்பு எவ்வளவு ஒழுங்காகத் தெரிந்தாலும், மூலக் கோப்பையும் அதன் எழுத்துருவையும் அழிக்காமல் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள் என்று சங்கச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சரிபார்க்கும்போது, படித்துப் பார்ப்பதோடு நில்லாமல், வெளி, வெள்ளி, அவர்கள், இளைஞர் போன்ற சொற்களைத் தேடியும் பாருங்கள். எங்கள் 1995ஆம் ஆண்டு மலரின் நெகிழ்வட்டை, அதுதான் அச்சாகிவிட்டதே என்று யாரோ எப்போதோ தூக்கி எறிந்துவிட்டார்கள். அதன் 64 பக்கங்களையும் இப்போது இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் அச்சுப் பிரதியைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சங்கச் செயலாளர் ஒருவர்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு