குக்கர் பெட்டியை ஏன் கடையிலேயே பிரிக்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் கடையில் இப்போதெல்லாம் ஒரு குக்கர் வாங்கவே அரை மணி நேரம் ஆகிறது என்று சிலர் நேராகவே சொல்லிவிட்டீர்கள். பெட்டியைப் பிரிக்கிறோம், மூடியைத் திருப்பிக் காட்டுகிறோம், கையேட்டில் எச்சரிக்கைப் பக்கத்தைப் படிக்கச் சொல்கிறோம், பில்லில் சீரியல் நம்பர் எழுதுகிறோம். "சீர் வைக்கிற சாமானைப் பிரிச்சுட்டீங்களே, இனிமே அது புதுசு மாதிரியா இருக்கும்?" என்று ஓர் அம்மா கோபித்துக்கொண்டே போனார். கோபம் நியாயம்தான். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் குக்கர் மூடியை மட்டும் பையில் போட்டு எடுத்து வந்தார். அவர் வீட்டில் அந்த மூடி தூக்கி அடித்து, பருப்பு மின்விசிறி வரை தெறித்திருக்கிறது. நல்லவேளை, சமையலறையில் ஆள் இல்லை. அடுப்பின் கண்ணாடி மட்டும் நொறுங்கிவிட்டது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். சேஃப்டி வால்வ் இருக்க வேண்டிய இடத்தில் வேறு கம்பெனி வால்வ், அதுவும் மரை சரியாகப் பிடிக்காமல் பசை வைத்து இறுக்கியது. போட்டுக் கொடுத்தது வேறு யாருமில்லை, எங்கள் கடைப் பையன்தான். ஒரிஜினல் கையிருப்பில் இல்லை, அவசரம் என்றார்களாம். அடுப்புக்கான பணத்தை நாங்களே கொடுத்தோம்.

அதற்குப் பிறகுதான் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பழுதான பொருளால் காயமோ நஷ்டமோ வந்தால் ஈடு கேட்கலாம். ஆனால் எதிராளியின் அலட்சியத்தால்தான் அது நேர்ந்தது என்று காட்ட வேண்டியிருந்தது. தொழிற்சாலைக்குள் நடந்த அலட்சியத்தை வீட்டுக்காரர் எங்கே போய்க் காட்டுவார்? 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளால் வரும் தீங்குக்கென்றே தனி அத்தியாயம் வைத்தது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சொன்ன உத்தரவாதத்துக்கு மாறான பொருள், ஆபத்தைத் தவிர்க்கப் போதிய எச்சரிக்கை இல்லாதது, இவற்றில் ஒன்றைக் காட்டினாலும் தயாரிப்பாளர் பதில் சொல்ல வேண்டும்.

விற்கிற எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. பொருளை நாங்கள் மாற்றி அமைத்து, அதனால் தீங்கு வந்தால் பொறுப்பு எங்களுடையது. அந்த வால்வ் கதை அப்படியே இதில் அடங்கும். பொருத்தித் தருவதிலோ சோதிப்பதிலோ கவனக்குறைவு இருந்தாலும், கம்பெனி தந்த எச்சரிக்கையை உங்களிடம் சேர்க்காமல் விட்டாலும், அதனால் தீங்கு வந்தால் அதே கதைதான். இப்போது புரிகிறதா, ஏன் பெட்டியைப் பிரிக்கிறோம் என்று?

இன்னொன்று, கம்பெனி சொல்லாத உத்தரவாதத்தைக் கடைக்காரர் தன் வாயால் கொடுத்தால் அதற்கும் அவரே பொறுப்பு. அப்பா காலத்தில் "ஒண்ணும் ஆகாது, எடுத்துட்டுப் போங்க, நான் இருக்கேன்" என்பதுதான் எங்கள் வாரண்டி. அந்த வசனத்தை நான் விட்டுவிட்டேன். அன்பு குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

தண்ணீர் காய வைக்கும் மலிவு ராடு ஏன் இல்லை என்று கேட்கிறீர்கள். அதன் பெட்டியில் செய்தவர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டால் சட்டம் விற்றவரைத்தான் பிடிக்கும். அதை விடுங்கள், பெயர் போடப் பயப்படுகிறவன் செய்த ராடைப் பக்கெட் தண்ணீரில் போட எனக்கே மனம் வரவில்லை. குக்கரும் அப்படித்தான். 2021 பிப்ரவரி முதல் வீட்டுக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மூடியைத் திருப்பும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கம் சில காரியங்கள் உண்டு. பில் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கல்யாணத்துக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்ததை மகள் பயன்படுத்தினாலும் அவருக்கும் புகார் செய்யும் உரிமை உண்டு, அதனால் பில்லையும் சீரோடு கொடுத்தனுப்புங்கள். ஏதாவது வெடித்தால், உடைந்ததைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். கழுவவும் வேண்டாம், படம் எடுத்து அப்படியே வையுங்கள். அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இரண்டு வருடத்துக்குள் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

குக்கர் வெறுமனே ரிப்பேர் ஆனால் இந்த அத்தியாயம் உதவாது, அது வாரண்டி விஷயம். கை சுட்டது, அடுப்பு உடைந்தது என்றால்தான் இது. வெயிட்டின் மேல் கரண்டியை அழுத்தி வைத்திருந்தாலோ, வால்வ் ஓட்டையை அடைத்திருந்தாலோ விற்ற எங்கள் மேல் இந்த வழக்குப் போட முடியாது. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

அதனால் இனி நம் கடையில் வேறு கம்பெனி வால்வும் காஸ்கெட்டும் மாட்டித் தர மாட்டோம். ஒரிஜினல் இல்லையென்றால் வரவழைத்துத் தருகிறோம், இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தச் சீர் அம்மாவுக்கு ஒரு சேதி: பிரித்த பெட்டியை மறுபடி ஒட்டி, ஜரிகைத் தாள் சுற்றித் தர ஏற்பாடு செய்துவிட்டோம். காசு கிடையாது.

அன்புடன்,
கடைக்காரர்,
பாத்திரக் கடை, கும்பகோணம்