பாமன்கடை வளவு ஆட்காட்டிகளின் சார்பில் நன்றி

வெள்ளவத்தைக் கால்வாய்க்குப் பக்கத்தில், அந்த வெற்று வளவைச் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் கிழமை, வளவின் சல்லிக்கற்களுக்கு நடுவே ஆட்காட்டிக் குருவி ஒன்று நாலு முட்டை இட்டது. முட்டையைக் காணாதவர்களுக்கும் சத்தம் கேட்டிருக்கும். நடுச்சாமத்தில் அது கத்திய கத்துக்கு ஒருவரும் முறைப்பாடு செய்யாததற்கே முதல் நன்றி.

ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டாது. தரையைக் கொஞ்சம் குழித்துவிட்டு, வெட்டவெளியில் இடும். கல்லின் நிறம்தான் முட்டைக்கும். காலை வைத்த பிறகுதான் தெரியவரும். அடைகாக்க நாலு கிழமை வேண்டும். கொழும்பில் ஒரு வளவு நாலு கிழமை சும்மா கிடப்பது லேசுப்பட்ட காரியமா?

மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தை ஓட்டும் தம்பி, பறவை தலைக்கு மேலே பாய்ந்து கத்தியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தீர்கள். மற்றப் பக்கத்தில் வேலையைத் தொடங்கச் சொல்லி முதலாளியிடம் பேசியதும் நீங்கள்தான்.

காவலாளி ஐயாவிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். ஆட்கள் மிதிக்காமல் இருக்கட்டும் என்று, பெரிய கெட்டித்தனமாக, முட்டைக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பொன்றை நட்டது நான். விடிந்து பார்த்தால் கம்பின் உச்சியில் காகம். "காகத்துக்குக் கதிரை போட்டுக் கொடுத்திருக்கிறீங்கள், பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே பிடுங்கி எறிந்தீர்கள். கமராவோடு கிட்டப் போய் நின்றவரை வெளியே அனுப்பியதும் நீங்கள். அவர் நின்ற நேரமெல்லாம் முட்டைகள் சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருந்தன. பகலில் தாய் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. சில நேரம் கால்வாய்க்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் அமர்ந்ததையும் பார்த்தேன்.

காகம் என்றதும் சாப்பாட்டுக்கடை அண்ணன் ஞாபகம் வருகிறார். நாங்கள் வீசும் சோற்றுப் பார்சல் மிச்சம்தான் இங்கே காகத்தைப் பெருக்குகிறது. குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டீர்களே, அதற்கு நன்றி. தெருநாய்களுக்கு வைக்கும் சோற்றை ஒழுங்கையின் அடுத்த முனைக்கு மாற்றிய அக்காவுக்கும்தான். அப்புறம் கிரிக்கெட் பெடியங்கள்: அந்தப் பக்கம் பந்து போனால் அவுட் என்று நீங்களே சட்டம் போட்டீர்கள். சிக்ஸர் அடித்து அவுட்டானவரின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அம்மாவின் ஊர் மன்னார். அங்கே உவர்த்தரையில் முட்டையிடும் உப்புக்கொத்தி என்ற சின்னப் பறவையை, அனுமன் உப்புக்கொத்தி என்று 2023இல்தான் தனி இனமாகப் பிரித்தார்கள். அதுவும் வெறுந்தரையில்தான் இடுகிறது. அங்கும் நாய் உண்டு, காகம் உண்டு, வாகனம் உண்டு. காவலாளி ஐயா மட்டும் இல்லை.

சரி, கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பொரித்தன. ஒரு நாளைக்குள்ளேயே எழுந்து ஓடித் தாங்களே இரை பொறுக்கத் தொடங்கின. இரண்டாம் நாள் ஒன்றைக் காணவில்லை. பூனையோ காகமோ, ஒருவரும் பார்க்கவில்லை. மற்ற இரண்டும் கால்வாயோரப் புல்லுக்குள் வளர்ந்து, போன ஞாயிற்றுக்கிழமை மதிலுக்கு மேலால் பறந்தன.

பொரிக்காத முட்டை இன்னும் சல்லிக்குள்தான் கிடக்கிறது. தம்பி, இனி பெக்கோ வரலாம்.