நாக்ஸ் சென்சாரை மாற்ற எங்களுக்கும் வழிவிடுங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை நம்பி ஓடும் பிக்கப் வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருக்கிறேன். தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குக் கிளம்பும் டீசல் வண்டிகள்தான் என் பிழைப்பு. அவற்றில் இப்போது அடிக்கடி வரும் ஒரு கோளாறைப் பற்றி எழுதுகிறேன்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற வாகனப் புகை விதி வந்தது. பி.எஸ்.5 என்று ஒன்று வராமலே 4-லிருந்து 6-க்குத் தாவினோம். நல்ல முடிவு. நாள் முழுக்கப் புகைக்கு நடுவே நிற்பவன் நான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இருக்குமா?

இந்த வண்டிகள் பலவற்றில் யூரியா கரைசலைத் தெளித்து, சைலன்சர் பாதையிலேயே புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை (நாக்ஸ்) குறைக்கிறார்கள். குறைந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்வது நாக்ஸ் சென்சார். கட்டைவிரல் பருமனில் ஒரு முனை, ஒரு ஒயர், ஒயரின் மறுகோடியில் உள்ளங்கையளவு பெட்டி. எது போனாலும் மொத்தமாகத்தான் வாங்க வேண்டும். முனைக்குள் இருக்கும் பீங்கான் சில்லு 800 டிகிரி வாக்கில் சூடானால்தான் வேலை செய்யும். அந்தச் சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். அதனால் பைப்பில் ஈரம் காய்ந்த பிறகே வண்டியின் கம்ப்யூட்டர் அதைச் சூடேற்ற ஆரம்பிக்கும். தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்குமாக நாலு கிலோமீட்டர் ஓடி ஓடி நிற்கும் வண்டியில் அந்த ஈரம் சரியாகக் காய்வதே இல்லை. போதாததற்கு யூரியா வெள்ளை உப்பாக முனையில் படிந்து அடைத்துக்கொள்ளும்.

சென்சார் போனால் முதலில் மீட்டரில் எச்சரிக்கை லைட் எரியும். கவனிக்காமல் ஓட்டினால் அப்புறம் இழுவை குறையும். சில மாடல்களில், இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான், அதற்குப் பிறகு ஸ்டார்ட் ஆகாது என்று மீட்டரே எண்ணிக் காட்டும். விடிவதற்குள் சரக்கை இறக்க வேண்டிய டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே மலையேற வேண்டும்.

கழற்றி மாட்டுவது பெரிய வித்தையில்லை. மரை துருவேறி இறுகியிருக்கும். ஆயில் விட்டு ஊறவைத்து, பைப் கொஞ்சம் சூடாக இருக்கும்போது, ஒயர் நுழைய வெட்டுவிட்ட சாக்கெட்டைப் போட்டுத் திருகினால் வந்துவிடும். புதியதை மாட்டும்போது, மரை இறுகாமலிருக்கப் பூசும் பசை மரைக்கு மட்டும்தான், முனையில் படக் கூடாது. சென்சார்தான் கெட்டதா என்று கண்டுபிடிப்பதில்தான் தொழில் இருக்கிறது. ஸ்கேனர் கருவியை மாட்டிப் பார்த்து, பி2200 என்று பிழை எண் காட்டினால் உடனே சென்சாரை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். ஒயரை இணைக்கும் கப்ளருக்குள் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தாலும் அதே எண்தான் வரும். மட்டமான யூரியா ஊற்றிய வண்டியிலும் லைட் எரியும், அங்கே சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

சிக்கல் மாட்டிய பிறகு வருகிறது. புது சென்சார் வந்துவிட்டது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிவித்து, பழைய கணக்கை அழிக்க வேண்டும். இதைத்தான் ரீசெட் என்கிறோம். சில வண்டிகளில் கொஞ்ச தூரம் ஓடியதும் தானாகச் சரியாகிவிடும். மற்றவற்றுக்குக் கம்பெனி ஸ்கேனர் வேண்டும், அதற்கு லாகின் வேண்டும், அந்த லாகின் டீலரிடம் மட்டுமே இருக்கும். நான் காசு போட்டு வாங்கிய ஸ்கேனர் பிழை எண்ணைப் படிக்கும், அழிக்கும். அடுத்த முறை சாவியைத் திருப்பினால் லைட் திரும்பவும் எரியும். வண்டி திண்டுக்கல் போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான். வெளியே மாட்டிய சென்சார் என்றால் தொடவே மாட்டோம் என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. வண்டி நின்றாலும் மாத டியூ நிற்காது.

இந்த இடைவெளியில்தான் எமுலேட்டர்காரர்கள் நுழைகிறார்கள். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, சென்சார் நன்றாக இருப்பதுபோல் பொய்க் கணக்கை கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்னும் சிலர் லேப்டாப்பை மாட்டி யூரியா தெளிக்கும் ஏற்பாட்டையே மென்பொருளிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். லைட் எரியாது, யூரியா செலவும் மிச்சம். பொல்யூஷன் சர்டிபிகேட்டுக்குப் போனால் பாஸ். ஏனென்றால் டீசல் வண்டிக்கு அங்கே ஆக்சிலேட்டரை அழுத்திப் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடை யாரும் அளப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு என்றெல்லாம் இருக்கிறது, சரி. அளக்காத ஒன்றுக்கு யார் அபராதம் போடுவது? பெட்டி மாட்டச் சொல்லிக் கேட்பவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன். அவர்கள் அடுத்த தெருவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நமது பி.எஸ்.6 வரம்புகள் ஐரோப்பாவின் யூரோ 6-ஐ ஒட்டியவை. அங்கே அந்த வரம்பை விதித்த 715/2007 ஒழுங்குமுறையிலேயே, பழுதுபார்க்கும் தகவலைத் தனிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று சேர்த்தே எழுதினார்கள். காசு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் தர வேண்டும். அந்தப் பாதி எங்கள் ஊர் வரை வந்து சேரவில்லை. இங்கே 2014-லேயே உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிச்சந்தைக்கு விடவில்லை என்று 14 கார் நிறுவனங்களுக்கு, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அது மேல்முறையீடு, வழக்கு என்று போனது தனிக் கதை. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமும் திறந்தது. அதில் வாகனத் துறையும் உண்டு. அதில் கிடைக்கும் போன் நம்பரும் சர்வீஸ் சென்டர் முகவரியும் எனக்கு எதற்கு? ரீசெட் செய்யும் வழிதான் வேண்டும்.

நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை. நாள் கட்டணமோ ஆண்டுக் கட்டணமோ வாங்கிக்கொண்டு, ஜி.எஸ்.டி. எண் உள்ள எந்தப் பட்டறைக்கும் நாக்ஸ் சென்சாருக்கான ரீசெட்டைத் திறந்துவிட வேண்டும் என்று விதி போடுங்கள். யார், எந்த வண்டிக்கு, எப்போது செய்தார்கள் என்ற பதிவு கம்பெனி சர்வரிலேயே இருக்கட்டும். தப்பு செய்தவனை அதை வைத்தே பிடிக்கலாம். சென்சாரை அதன் பார்ட் நம்பரைச் சொன்னால் கவுன்டரில் தர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கொண்டுவந்தால்தான் தருவோம் என்ற பேச்சு வேண்டாம்.

விதி எழுதுவதற்கு முன் உங்கள் ஆட்கள் யாராவது நேரில் பார்ப்பதானால், மார்க்கெட் லீவு நாளில் வரச் சொல்லுங்கள். அன்றைக்குத்தான் லைட் எரியும் வண்டிகளெல்லாம் பட்டறைக்கு வரும்.

இப்படிக்கு,
ஒரு டீசல் மெக்கானிக்,
ஒட்டன்சத்திரம்