அந்தச் சமையல் புத்தகத்தை மறுபடி திறந்து பாருங்கள்

ஜேர்மன் நூலகங்களின் இயக்குநர்களுக்கும், அந்த நூலகங்களுக்குப் பணம் ஒதுக்கும் நகர, மாநில அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நாசிகள் யூதர்களிடம் பறித்து, இன்னும் உங்கள் தட்டுகளில் நிற்கும் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறேன்.

நான் பேர்லினில் ஒரு நூலகத்தின் நிலக்கீழ் களஞ்சியத்தில் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். வாசகர்கள் திருப்பித் தரும் புத்தகங்களை உரிய தட்டில் வைப்பதும், கேட்ட புத்தகத்தைத் தேடி எடுத்து மேலே அனுப்புவதும்தான் என் வேலை. நூலகவியல் பட்டம் எனக்கு இல்லை. இந்த மடலை ஜேர்மன் மொழியிலும் எழுதி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவது என் ஊர்ச்சனம் படிப்பதற்காக. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். புத்தகம் பறிபோனால் எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மாலை, பழைய சமையல் புத்தகம் ஒன்று என் கைக்கு வந்தது. 1920களில் அச்சானது. துணி அட்டை, முதுகு பிய்ந்து தொங்கியது. பிளம்ஸ் கேக் செய்யும் முறைக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் "சீனி கூட" என்று எழுதியிருந்தார்கள். வேறொரு பக்கத்தில் விரல் அளவுக்கு எண்ணெய்க் கறை. முதல் வெற்றுத்தாளைப் பார்த்தேன். அதன் வலது மேல் மூலையை யாரோ பிளேடால் நேராக வெட்டி எடுத்திருந்தார்கள். சொந்தக்காரர் பெயர் எழுதும் இடம் அது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டியிருந்தது, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி. கைத்தொலைபேசியில் படம் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். பெயரின் முன்பாதி தெரியவில்லை. பின்பாதி "ஸோன்" என்று முடிந்தது. இந்த நாட்டு யூதக் குடும்பப் பெயர்கள் பல அப்படி முடியும்.

பதிவெண்ணை வைத்துப் பழைய பதிவேட்டில் தேடினேன். "அன்பளிப்பு" என்று இருந்தது. கொடுத்தவர் பெயர் எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தது. மேலே இருந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நல்ல மனிதர், என்னை அலட்சியப்படுத்தவில்லை. "பறிபோன புத்தகங்களைத் தேடும் திட்டம் போன வருடமே முடிந்துவிட்டது, இப்போது இதைப் பார்க்க ஆள் இல்லை, இருந்த இடத்திலேயே வையுங்கள்" என்றார். வைத்தேன். அன்று வைத்ததுதான் இன்றைக்கும் என் மனதை அரிக்கிறது.

"அன்பளிப்பு" என்ற அந்தச் சொல்லின் கதை உங்களுக்குத் தெரியும். 1943இல் பேர்லின் நகர நூலகம், நகர அடகு நிலையத்திடமிருந்து சுமார் 40,000 புத்தகங்களை வாங்கியது. எல்லாம் நாடுகடத்தப்பட்ட யூதர்களின் வீடுகளிலிருந்து அள்ளிவந்தவை. அதில் ஒரு பகுதியை "ஜே" என்று எழுதிய தனிப் பதிவேட்டில் ஏற்றினார்கள். யூதர் என்பதற்கான ஜேர்மன் சொல்லின் முதல் எழுத்து அது. போர் முடிந்த பிறகும் வருடக்கணக்காக இப்படிப்பட்ட புத்தகங்கள் அன்பளிப்பு என்ற பெயரில் தட்டேறின. இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தவர்களும் அந்த நூலகத்திலேயே வேலை செய்தவர்கள்தான். அவர்களுக்கு நான் தலைவணங்குகிறேன்.

அந்தக் கொள்ளையில் நூலகர்களின் கையும் இருந்தது. நாசிகளுக்காகப் பண்பாட்டுச் சொத்துகளைக் கொள்ளையடித்த றோசன்பேர்க் பணிப்படைக்காக யூதப் புத்தகங்களைத் தரம்பிரித்த யொஹானஸ் போல், எருசலேமுக்குப் போய் எபிரேயம் படித்துவந்தவர். லித்துவேனியாவின் வில்னாவில் எதை ஜேர்மனிக்கு அனுப்புவது, எதைக் கடதாசி ஆலைக்கு அனுப்புவது என்று அவர் விகிதம் வகுத்தார். நூற்றுக்கு முப்பதுக்கு மேல் அனுப்பக்கூடாது, மிச்சம் எழுபதும் கூழாக வேண்டும். அந்தக் காலத்தில் வில்னாவில் ஸ்ட்ராஷுன் நூலகமும் யீவோ என்ற யிட்டிஷ் ஆய்வு நிறுவனமும் இருந்தன. ஐரோப்பிய யூதர்களின் படிப்பு அந்த ஊரில் குவிந்து கிடந்தது என்றே சொல்லலாம்.

அதே வில்னாவில் ஹேர்மன் குருக் என்றொரு நூலகரும் இருந்தார். வார்சோவிலிருந்து தப்பி வந்தவர். யூதர்களை கெட்டோ என்ற அடைப்புக் குடியிருப்புக்குள் அடைத்த 1941 செப்டெம்பரிலேயே, ஸ்ட்ராஷுன் தெரு 6ஆம் இலக்க வீட்டில் நூலகத்தைத் திறந்தார். வெளியே பொனாரி காட்டில் ஆட்களைக் கொண்டுபோய்ச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே சனம் வரிசையில் நின்று நாவல் இரவல் வாங்கியது. 1942 டிசம்பரில், இரவல் கொடுத்த புத்தகங்களின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தொட்டது. அதற்கு விழாவும் எடுத்தார்கள். அந்த விழாவை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

குருக்கையும், கவிஞர்களான அப்ரகாம் சுட்ஸ்கேவர், ஷ்மெர்கே கச்செர்கின்ஸ்கி ஆகியோரையும், இன்னும் சிலரையும் நாசிகள் யொஹானஸ் போலின் தரம்பிரிக்கும் வேலையில் போட்டார்கள். கெட்டோச் சனம் அவர்களுக்குக் கடதாசிப் படை என்று பெயர் வைத்தது. அவர்கள் புத்தகங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் உடுப்புக்குள் ஒளித்து, காவலரண் வழியாக கெட்டோவுக்குள் கொண்டுவந்தார்கள். பிடிபட்டால் அடி. சில வேளை உயிரே போகும். அடுப்பெரிக்கக் கழிவுக் கடதாசி வேண்டும் என்று ஜேர்மன் அதிகாரியிடம் சுட்ஸ்கேவர் அனுமதிச்சீட்டே வாங்கினார். அந்தச் சீட்டைக் காட்டிக்கொண்டு, அடுப்புக்கு என்று சொல்லி அரிய கையெழுத்துப் பிரதிகளைக் கடத்தினார். குருக்கை எஸ்தோனிய முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் நாட்குறிப்பு எழுதினார். 1944 செப்டெம்பர் 17ஆம் திகதி சாட்சிகளை வைத்து அதை மண்ணில் புதைத்தார். மறுநாள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சாட்சிகளில் உயிர்தப்பிய ஒருவர் திரும்பிவந்து அதைத் தோண்டி எடுத்தார்.

போருக்குப் பிறகு, வில்னாவில் மிஞ்சியவற்றைச் சோவியத் ஆட்சியும் அழிக்கப் பார்த்தது. அப்போது அந்தானஸ் உல்பிஸ் என்ற லித்துவேனிய நூலகர், அவர் யூதர் அல்லர், ஒரு பழைய தேவாலயத்தில் வேறு கடதாசிக் குவியல்களுக்கு அடியில் யூதப் புத்தகங்களை ஒளித்துவைத்தார். அவை வெளிச்சத்துக்கு வர நாற்பது வருடம் சென்றது. உல்பிஸுக்கும் எந்தத் திட்ட நிதியும் யாரும் ஒதுக்கவில்லை.

இன்னொரு இடத்தையும் நினைவுபடுத்த விரும்புகிறேன், அது உங்கள் நாட்டிலேயே இருக்கிறது. பிராங்ஃபேர்ட்டுக்குப் பக்கத்தில் ஒஃபன்பாக்கில், 1946இல் அமெரிக்க இராணுவம், கொள்ளைபோன புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க ஒரு களஞ்சியத்தை நடத்தியது. முப்பது இலட்சம் அளவில் புத்தகங்கள் அங்கே கைமாறின. வேலைக்கு வந்த ஜேர்மன் ஆட்களுக்கு எபிரேய எழுத்துத் தெரியாது. அதற்கு ஐசாக் பென்கோவிட்ஸ் என்ற அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்தார். புத்தகங்களில் இருந்த நூலக முத்திரைகளைப் படம்பிடித்து, ஒவ்வொரு ஆளுக்கும் சிலவற்றைப் பங்கிட்டார். எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும், முத்திரையின் வடிவத்தைப் பார்த்தே இது வில்னா, இது ஆம்ஸ்டர்டாம் என்று அவர்கள் பெட்டி பெட்டியாகப் பிரித்தார்கள். இன்று கணினி படத்தோடு படத்தைப் பொருத்திப் பார்க்கிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். இதே வேலையை மேசையில் உட்கார்ந்து கண்ணாலேயே செய்தவர்கள் இருந்தார்கள்.

ஆனால் ஒஃபன்பாக்குக்கு வந்தவை, கொள்ளைக் களஞ்சியங்களில் கண்டெடுத்தவை. உங்கள் தட்டுகளில் ஏற்கெனவே முத்திரை குத்தி, எண் போட்டு ஏறிவிட்ட புத்தகங்களை யாரும் வந்து எடுத்துப் போகவில்லை. அவை அப்படியே நின்றன.

1998இல் வாஷிங்டனில் நாடுகள் கூடி, நாசிகள் பறித்த கலைப்பொருட்களைப் பற்றி இணங்கின. அடுத்த வருடமே உங்கள் மத்திய, மாநில அரசுகளும் நகரசபைகளும் சேர்ந்து, நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தேடித் திருப்பிக் கொடுக்கும் என்று அறிவித்தன. இந்த வேலைக்கு மக்டபேர்க்கில் ஒரு மத்திய நிறுவனம் நிதி தருகிறது. பல நூலகங்கள் ஒரே தரவுத்தளத்தில் பெயர்களையும் முத்திரைகளையும் ஏற்றுகின்றன. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

குறை எங்கே என்றால், நிதி திட்டத்துக்கு வருகிறது, ஆளுக்கு வருவதில்லை. ஒருவர் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வருவார். முதல் வருடம் முழுக்கப் படிப்பிலேயே போகும். பழைய பதிவேட்டின் கையெழுத்து, உங்கள் நூலகத்தின் எண் முறை, எந்தத் தட்டில் எந்த வருடத்துப் புத்தகம் என்று எல்லாம் பிடிபட்டு வரும்போது ஒப்பந்தம் முடியும். அவர் போவார், அவருடைய தலைக்குள் இருந்ததும் அவரோடு போகும். பிறகு வருகிறவர் முதலிலிருந்து தொடங்குவார், அல்லது யாரும் வரமாட்டார்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்துத் திறக்க வேண்டும். பெயரும் தெருவும் இருந்தால் அந்த வருடத்துப் பேர்லின் முகவரிப் புத்தகத்தில் தேடுவார்கள். பிறகு மத்திய ஆவணக் காப்பகத்தின் நினைவேட்டில் அந்தப் பெயர் எந்த வண்டியில் போனது என்று பார்ப்பார்கள். பொட்ஸ்டாமில் சொத்து அறிக்கைகள் இருக்கின்றன. நாடுகடத்துவதற்கு முன் ஒவ்வொரு யூதரையும் பதினாறு பக்கப் படிவம் நிரப்ப வைத்தார்கள், வீட்டில் எத்தனை கதிரை, எத்தனை போர்வை, எத்தனை புத்தகம் என்று. பிறகு எருசலேமில் உள்ள யாத் வாஷெம் நினைவகத்தில் இருக்கும் சாட்சித்தாள்கள். இறந்தவருக்காக அதை நிரப்பிக் கொடுத்த உறவினரின் பெயர் அதில் இருக்கும். அங்கேதான் உயிரோடு இருக்கும் ஒருவரின் தடம் கிடைக்கும். பிறகு ஹைஃபாவுக்கோ புவனஸ் அயர்ஸுக்கோ ஒரு கடிதம். "உங்கள் பாட்டியின் புத்தகம் ஒன்று எங்களிடம் இருக்கிறது" என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு எப்படி எழுதத் தொடங்குவது? அந்த முதல் வரிக்காக ஒருவர் முழுப் பின்னேரமும் உட்கார்ந்திருந்ததை நான் கண்டேன். நூலகர் வேலை இன்று இப்படி மாறியிருக்கிறது. நூலகங்களின் ஆளணிப் பட்டியல் இன்னும் மாறவில்லை.

"இவை சாதாரணப் புத்தகங்கள், தபாற்செலவுக்குக்கூடப் பெறுமதி இல்லை" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதற்கு என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரித்தபோது எனக்குப் பத்து வயது. 97,000 புத்தகங்கள் எரிந்தன. அப்பா அந்த நூலகத்தில் இரவல் எடுத்திருந்த புத்தகம் ஒன்று மட்டும் எங்கள் வீட்டில் தப்பியிருந்தது. கோழி வளர்ப்புப் பற்றியது. உள்ளே ஊதா மை முத்திரை, பின்னால் திகதித்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் ஜூனில் வந்தது. அப்பா அதற்கு மண்ணிறக் கடதாசியில் உறை போட்டு அலுமாரியில் வைத்தார். "நூலகம் முழுசா எழும்பட்டும், கொண்டுபோய்க் குடுப்பம்" என்பார். எங்கள் கால் பட்டால் கண்ணில் ஒற்றுவோம். யூதர்கள் வேதப் புத்தகம் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள் என்று இங்கே வந்த பிறகு கேள்விப்பட்டபோது அந்த உறை போட்ட புத்தகம்தான் ஞாபகம் வந்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அது கைவிட்டுப் போனது. நான் அப்போது இங்கே வந்துவிட்டேன். அப்பா தொலைபேசியில் வீட்டைப் பற்றிச் சொன்னதைவிட அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். எங்கேயாவது ஒரு அலுமாரியில் அதைக் கண்டு, ஊதா முத்திரையைப் பார்த்து யாராவது ஒரு கடிதம் போட்டால், சந்தையில் அதற்கு என்ன விலை என்று நான் கேட்கமாட்டேன்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். சந்தேகத்துக்குரிய இருப்பு உள்ள ஒவ்வொரு பெரிய நூலகத்திலும் இந்தத் தேடலுக்கு நிரந்தரப் பதவி ஒன்றாவது வேண்டும், ஓய்வூதியத்தோடு. எபிரேயக் கையெழுத்தும் யிட்டிஷும் வாசிக்கத் தெரிந்தவர்களை எடுங்கள். பெயர்களை ரோம எழுத்தில் மட்டும் பட்டியலில் ஏற்றாமல், புத்தகத்தில் இருக்கும் எழுத்திலேயே ஏற்றுங்கள். இந்த நாட்டு அலுவலகங்களில் என் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றதைத் தேடிப் பிடிக்க முடியாது. ஹயீம் என்ற யூதப் பெயருக்கும் அதே கதிதான்.

பக்கங்களைப் படமாக்கும் மின்வருடலைத் திருப்பிக் கொடுத்தலாகக் கணக்குக் காட்டாதீர்கள். யீவோ நிறுவனத்தின் சொத்தில் வில்னாவில் மிஞ்சியவையும் நியூயோர்க்குக்குப் போய்ச் சேர்ந்தவையும் ஏழு வருட உழைப்பில், 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களாக 2022இல் இணையத்தில் ஒன்றுசேர்ந்தன. இரண்டு நாடுகளில் பிரிந்து கிடக்கும் ஒரு நிறுவனத்தின் சொத்துக்கு அது பெரிய கொடை. ஆனால் ஒரு அம்மாவின் சமையல் புத்தகத்தை மின்வருடி வைத்துவிட்டு, அதை நீங்களே வைத்துக்கொள்ள முடியாது. வாரிசு யாரும் கிடைக்காவிட்டால் வைத்திருங்கள், விற்காதீர்கள். பட்டியலில் "அன்பளிப்பு" என்ற சொல்லை எடுத்துவிட்டு, யாருடையது என்று தெரிந்த அளவுக்கு எழுதுங்கள்.

நான் சொன்ன புத்தகம் எங்கள் களஞ்சியத்தின் இரண்டாம் தளத்தில், சுவரோரத் தட்டில், கீழிருந்து மூன்றாவது வரிசையில் இருக்கிறது. அதன் இலக்கத்தை ஜேர்மன் மொழிக் கடிதத்தில் தந்திருக்கிறேன். முதல் வெற்றுத்தாளின் எதிர்ப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில், சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். "ஸோன்" என்பதற்கு முன்னால் இன்னும் மூன்று எழுத்துகள் இருக்கின்றன. என் கண்ணுக்கு அவை பிடிபடவில்லை.

இப்படிக்கு,
பேர்லினில் புத்தகம் அடுக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்